கால் முறிவு, கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம், ரத்தப் பரிசோதனை: வாசகர் கேள்விகளுக்கு எலும்பு மருத்துவர் பதில்

கேள்வி: தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் வரலாம் என்கிறார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பதில்: தெரியாது. கெண்டைக்கால் தசைகள் நான்கு அறைகளில், இழுத்தாலும் நீளாத உறைக்குள் இருக்கின்றன. முறிவால் உள்ளே ரத்தம் கசிந்து தசை வீங்கினால் உறை இடம் கொடுப்பதில்லை. அழுத்தம் ஏறி நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கும். இதுதான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை பிழைப்பது அரிது. இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

கேள்வி: மகனுக்கு சி.கே. அளவு 3,000 என்று வந்திருக்கிறது. மருத்துவர் பதறவே இல்லையே?

பதில்: அம்மா, சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) என்பது தசைக்குள் இருக்கும் நொதி; தசை சிதைந்தால் ரத்தத்தில் கலக்கும். ஆனால் அடிபட்டதற்கே அது ஏறும், அறுவைச் சிகிச்சைக்கும் ஏறும். உச்சத்தைத் தொட ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். எரிகிற வீட்டில் சாம்பலை எடைபோட்டுக் கொண்டிருக்க முடியுமா? 4,000-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதற்குக் கீழே இருந்தால் நிம்மதி என்று பொருளில்லை. நான் ஒற்றை எண்ணைப் பார்ப்பதில்லை. சில மணி நேர இடைவெளியில் திரும்ப எடுத்து, தொடர்ந்து ஏறுகிறதா என்றே பார்ப்பேன். ஏறினால் உடனே கட்டிலருகே போய்விடுவேன். கால் கட்டைவிரலை மெல்லக் கீழ்நோக்கி மடக்குவேன். வலிமருந்து போட்டும் அந்தச் சிறு அசைவுக்கே பையன் அலறினால், அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க மாட்டேன்.

கேள்வி: பாதத்தில் நாடி துடிக்கிறது. பயமில்லைதானே?

பதில்: இருக்கிறது. நாடி கடைசிக் கட்டத்தில்தான் மறையும், பல நேரம் மறையவே மறையாது.

கேள்வி: செவிலியர் மாணவி நான். நினைவில்லாமல் வென்டிலேட்டரில் இருப்பவர் அலற மாட்டாரே, சார்?

பதில்: சரியான கேள்வி, அம்மா. ரத்தப் பரிசோதனைக்கு மதிப்பு இருப்பது இங்கேதான். ஏறிக்கொண்டே போகும் சி.கே. நம்மைத் தட்டி எழுப்பும். பிறகு ஊசி செருகி தசை அறையின் அழுத்தத்தை அளக்க வேண்டும். டயஸ்டாலிக் ரத்த அழுத்தத்திலிருந்து (ரத்த அழுத்தத்தின் கீழ் எண்) அதைக் கழித்தால் 30 மில்லிமீட்டருக்குக் கீழே வருகிறதா? அது தொடர்ந்து அப்படியே இருந்தால் உறையைக் கீறித் திறக்க வேண்டியதுதான்.

கேள்வி: மாவுக்கட்டு இறுகியதுபோல் இருக்கிறது. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இதயத்தின் மட்டத்தில் வையுங்கள். உயர்த்தினால் காலுக்கு வரும் ரத்தம் இன்னும் குறையும். மாவுக்கட்டை உள்பஞ்சோடு தோல் தெரியும்வரை வெட்டச் சொல்லுங்கள். நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: உறையைத் திறந்தாகிவிட்டது. இன்னும் எதற்குத் தினமும் ரத்தம் எடுக்கிறார்கள்?

பதில்: சிறுநீரகத்துக்காக. செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ரத்தத்தில் இறங்கும். பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும், மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். அதனால் பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் தவறாமல் பார்க்கிறோம். குழாய் வழியே சிறுநீர் சேரும் பையில் கட்டங்காப்பி நிறம் தெரிந்தால், டாக்டர் வரட்டும் என்று இருக்காதீர்கள். உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.