சுரங்கப் பொறியியல் சீட் கிடைக்கும் போலிருக்கிறது: எடுக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. நிலக்கரிக்கே மூடுவிழா நடத்தப்போகிறார்களாமே, அந்தப் படிப்பு எதற்கு என்பது ஒன்று. பெண் பிள்ளையை எப்படிச் சுரங்கத்துக்குள் அனுப்புவது என்பது மற்றொன்று. முதல் கவலை உங்கள் மைத்துனர் கிளப்பியது, இரண்டாவதுதான் உங்களுடையது என்று ஊகிக்கிறேன். அவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

2070ஆம் ஆண்டுக்குள் நிகரக் கரியமில உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று இந்தியா 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது உண்மை. அதற்குப் பிறகும் நிலக்கரி உற்பத்தி ஏறிக்கொண்டேதான் போனது. 2024-25இல் முதன்முறையாக ஆண்டு உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுரங்கத் துறையின் நேரடிப் பங்கு 2 விழுக்காட்டை ஒட்டியதுதான். அந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரயில்வே ஏற்றும் சரக்கில் பாதி அளவு நிலக்கரி. அந்தச் சரக்குக் கட்டணம் இருப்பதால்தான் விருத்தாசலத்திலிருந்து சென்னைக்கு நீங்கள் எடுக்கும் டிக்கெட் இவ்வளவு மலிவாக இருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் அரசுகளின் கஜானாவுக்கு நிலக்கரி உரிமத்தொகை (ராயல்டி) பெரிய வரவு. இவ்வளவு பேர் சாய்ந்து நிற்கும் தூணை எந்த அரசும் பத்தாண்டில் பிடுங்கிவிடாது. உங்கள் மகளின் பணிக்காலத்தில் முதல் பாதிக்கு நிலக்கரி இருக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். பிற்பாதிக்குச் சொல்ல மாட்டேன்.

மைத்துனர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. உற்பத்தி ஏறுகிறது, ஆள் குறைகிறது. அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவில் ஒரு காலத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். இன்று இரண்டேகால் லட்சத்தை ஒட்டி நிற்கிறது. நிலத்தடிச் சுரங்கங்கள் குறைந்து, ராட்சத இயந்திரங்கள் வேலை செய்யும் திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகியது ஒரு காரணம். வேலையை ஒப்பந்தத்துக்கு விடுவது இன்னொன்று. 2020இல் தொடங்கிய வணிகச் சுரங்க ஏலத்துக்குப் பிறகு தனியாரும் வந்துவிட்டார்கள். அரசு வேலை, குவார்ட்டர்ஸ், ஓய்வு பெறும்வரை ஒரே ஊர் என்று அப்பா காலத்துக் கணக்கைப் போட்டுக்கொண்டு இந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள்.

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. 2001இல் சுரங்கத்தை மூடியபோது தங்கத்தின் மவுசு குறைந்தா போயிருந்தது? மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் வெட்டி எடுக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். கனிமத்துக்குச் சந்தை இருக்கும்போதே சுரங்கம் முடிந்துபோகலாம். ஆகவே உங்கள் மகள் நம்ப வேண்டியது ஒரு சுரங்கத்தையோ ஒரு கனிமத்தையோ அல்ல, தன் கையில் இருக்கும் தகுதிச் சான்றிதழை.

இந்தச் சான்றிதழைப் பற்றிக் கல்லூரி விளம்பரங்களில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் இந்தத் தொழிலில் மரியாதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பி.இ. பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சுரங்க மேலாளர் ஆக முடியாது. தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் வழங்கும் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு மேலாளர் சான்றிதழ்களைப் பெற வேண்டும். அதற்குச் சுரங்கத்தில் குறித்த காலம் வேலை பார்த்திருக்க வேண்டும். வாயுப் பரிசோதனைச் சான்றிதழும் வாங்க வேண்டும். பாதுகாப்பு விளக்கின் சுடரைத் தணித்து, அதன் தலைமேல் மங்கலாகப் படரும் நீலத் தொப்பியின் உயரத்தைப் பார்த்துக் காற்றில் மீத்தேன் எவ்வளவு என்று சொல்வது அந்தப் பரிசோதனையில் காலங்காலமாக வரும் பாடம். கண் கூர்மையும் பொறுமையும் இருப்பவர்களுக்கு அது கைவந்துவிடும்.

இங்கே ஒரு சூட்சுமம். திறந்தவெளிச் சுரங்கத்தில் மட்டும் அனுபவம் உள்ளவருக்குக் கிடைப்பது அவ்வகைச் சுரங்கங்களுக்கு மட்டும் செல்லும் வரம்புக்குட்பட்ட சான்றிதழ். நிலத்தடியிலும் வேலை பார்த்தவருக்குத்தான் வரம்பில்லாதது கிடைக்கும். நிலக்கரிக்கு ஒன்று, உலோகச் சுரங்கங்களுக்கு வேறு ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம். நிலக்கரி ஒருநாள் மங்கினாலும் ராஜஸ்தானின் துத்தநாகமும் ராய்ச்சூர் பக்கத்து ஹட்டி தங்கச் சுரங்கமும் அதோடு மங்கப்போவதில்லை. பேட்டரிக்கும் காற்றாலைக்கும் வேண்டிய அரிய கனிமங்களுக்காக 2025 ஜனவரியில் மத்திய அரசு தனி இயக்கமே தொடங்கியிருக்கிறது. கரியிலிருந்து விலகினாலும் தோண்டாமல் தீராது.

இனி உங்கள் கவலை. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யச் சுரங்கச் சட்டம் நெடுங்காலம் தடை போட்டிருந்தது. 2019இல் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பகல் நேரத்தில் அந்தத் தடை தளர்ந்தது. 2021இல் ஜார்க்கண்டின் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு பெண் பொறியாளர் பணியில் சேர்ந்தார். வழி திறந்துவிட்டது, நெரிசல் இன்னும் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களை அலுவலக நாற்காலியில் உட்காரவைத்துவிடும் மேலதிகாரிகளும் உண்டு. கேட்க இதமாக இருக்கும், சான்றிதழுக்கு வேண்டிய அனுபவம் மட்டும் சேராது. நிலத்தடிப் பணி வேண்டும் என்று உங்கள் மகள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம். கேட்கும் குணம் அவருக்கு உண்டா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். அங்குள்ள என்.எல்.சி., அகில இந்திய அளவில் ஆள் எடுக்கும் நிறுவனம். ஒடிசாவின் தலபிராவிலும் அதற்குச் சுரங்கம் இருக்கிறது. நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி, எல்லாமே திறந்தவெளி. நிலத்தடி அனுபவத்துக்கு வடக்கேதான் போயாக வேண்டும். 2023இல் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்காகக் கதிர் பிடித்த வயலுக்குள் இயந்திரம் இறங்கியதை உங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிலம் இழந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதும் இந்த வேலையில் ஒரு பங்கு. அதை மகளிடம் மறைக்க வேண்டாம்.

நான் சொல்வது இதுதான். வீட்டைவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கவும், இந்தியில் பேசப் பழகவும், முதல் சில ஆண்டுகள் தூசியிலும் சேற்றிலும் நிற்கவும் அவர் மனதாரச் சம்மதித்தால், கிண்டி பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியலைக் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் மேலே வையுங்கள். எங்கோ ஒரு கல்லூரியில் கிடைக்கும் கணினி அறிவியலைவிட அது நல்ல தேர்வு. சம்மதம் அரைகுறையாக இருந்தால் கிண்டி என்ற பெயருக்காக எடுக்காதீர்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் பலர் மென்பொருள் வேலைக்குத் தாவப் பார்ப்பார்கள், அதற்கு நான்கு ஆண்டு சுரங்கம் படிக்கத் தேவையில்லை. சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டிலேயே பொறியியல் மாணவர்களுக்கான கேட் (GATE) தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும். சுரங்கப் பொறியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது, பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. பட்டியலைப் பூட்டுமுன் ஒரு கண் மருத்துவரிடம் பார்வையைச் சோதித்துவிடுங்கள். பணியில் சேரும்போது மருத்துவத் தகுதித் தேர்வு கண்டிப்பாக இருக்கும். அங்கே தெரிந்து திகைப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.