கணவர் வேறு இனம். தம்பதி கவுன்சலிங் போனால் பயன் இருக்குமா?

"நம்ம வீட்டு விஷயம் அவங்களுக்கு எங்கே புரியப்போகுது" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதே நினைப்பில் நானும் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். நான் மதுரைக்காரி, கணவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த கறுப்பினத்தவர்.

எங்களுக்குச் சண்டையே சோற்றில்தான். கோபம் வந்தால் நான் சாப்பிட மாட்டேன். எங்கள் வீட்டில் ஒருத்தர் "பசிக்கல" என்று படுத்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் யாராவது தட்டோடு வந்து எழுப்புவார்கள். இவர் "சரி" என்று என் பங்கை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். அந்த மூடியை அழுத்தும் சத்தம் படுக்கையறைவரை கேட்கும். இரவெல்லாம் அழுவேன். வேண்டாம் என்றவளை வற்புறுத்தக் கூடாது என்று அவரை வளர்த்திருக்கிறார்கள்.

முதலில் பார்த்த தெரபிஸ்ட், "உங்கள் கலாச்சாரத்தில் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள், இல்லையா?" என்றார். இரண்டே தடவையில் நின்றுவிட்டோம். அடுத்தவர் பெரிய தாளில் ஜெனோகிராம், அதாவது குடும்ப உறவுகளைக் காட்டும் படம், வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. யார் கோபத்தை எப்படிக் காட்டினார்கள், யார் எதற்குப் பயந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

மாமியாரின் வட்டம் வந்தது. கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "எந்த ஊரில் இருக்கப்போறீங்க?" என்னைப் பிடிக்கவில்லை என்றே நான்கு வருஷம் மனசில் வைத்திருந்தேன். 1958-ல் ரிச்சர்ட், மில்ட்ரெட் லவ்விங் தம்பதியை, வெள்ளையரும் கறுப்பரும் கட்டிக்கொண்டது குற்றம் என்று, இரவில் படுக்கையறைக்குள் புகுந்து கைதுசெய்தது இந்த வர்ஜீனியாதான். 25 வருஷத்துக்கு இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வரக்கூடாது என்றது கோர்ட். 1967-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றபோது மாமியாருக்கு 12 வயது. இதைக் கணவர் சொல்லி முடித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அன்று ராத்திரியே மாமியாருக்குப் போன் போட்டேன்.

இப்போது நான் "பசிக்கல" என்றால் கணவர் இரண்டாம் தடவையும் வந்து கேட்கிறார். நானும் "கோபமா இருக்கேன்" என்று வாயால் சொல்கிறேன்.

காசு இருக்கிறவர்கள் வேலை என்பார்கள். எங்கள் காப்பீடு ஒரு டாலர் தரவில்லை, ஒருவருக்காவது மனநோய் என்று எழுதினால்தான் தருவார்களாம். கார் மாற்றுவதைத் தள்ளிவைத்துக் கட்டினோம். அடி, மிரட்டல் உள்ள வீட்டுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அங்கே முதலில் பத்திரமாக வெளியே வர வேண்டும். மற்றபடி போங்கள். வேறு வேறு இனத்துத் தம்பதிகளை முன்னால் பார்த்திருக்கிறாரா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

நம்மவர்களைத்தான் எந்த தெரபிஸ்டிடம் கூட்டிப்போவது என்று தெரியவில்லை. போன வருஷம் ஊருக்குப் போனபோது என் மகளின் சுருட்டை முடியைத் தடவிக்கொண்டே சித்தி சொன்னாள், "வெள்ளைக்காரனைக் கட்டியிருந்தாலாவது புள்ள கலரா பொறந்திருக்கும்." மகளுக்கு ஆறு வயது, தமிழ் நன்றாகப் புரியும். திரும்பும்போது காரில் கேட்டாள், "அம்மா, கலரான்னா என்ன?"