ஒன்பது மா நிலத்தையும் ஒரே வருஷத்துல மாத்தணுமா? - வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸப் எல்லாம் பாத்தா முக்காவாசி பேருக்கு ஒரே நோவுதான், செஞ்சா முழுசா செய்யணும் இல்லன்னா தொடவே கூடாதுன்னு. அதனால அதையே ஒண்ணா சேத்து போட்டுட்டேன்.

கேள்வி: ஐடி வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். எங்களுக்கு மூணு ஏக்கர், வாய்க்காலோட கடைசியில இருக்கற கடைமடை. யூரியா, பூச்சிமருந்து எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திட்டு மூணு ஏக்கர்லயும் மாப்பிள்ளை சம்பாங்கற பாரம்பரிய நெல்ல போட்டேன். ஐப்பசி மழையில பாதி சாஞ்சுபோச்சு, மிச்சத்துல வெளஞ்சதும் கொஞ்சந்தான். அப்பா பேசறதே இல்ல. யூரியாவுக்கே திரும்பிடறதா, சென்னைக்கே திரும்பிடறதா? எதையும் சுத்தமா செய்யணும், இல்லன்னா விட்டுடணும், அது என் குணம்.
- வாசகர், திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: தம்பி, சம்பா சாஞ்சத விட உங்க கடைசி வரிதான் எனக்கு கவலையா இருக்கு. மூணு ஏக்கர்னா ஒன்பது மா. உங்கப்பா பழைய நில அளவான மா கணக்குலதான் பேசுவாரு, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலின்னு. அந்த ஒன்பதுல ஒண்ண மட்டும் எடுத்துக்குங்க, 33 சென்ட்டு. பக்கத்து வயல் மருந்துத் தண்ணி வடிஞ்சு வராத இடமா, தெனம் ரெண்டு தடவ போய் நின்னு பாக்கற தூரத்துல இருக்கணும். எந்த மாவுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, அப்பாகிட்டயே கேளுங்க, பாதி பேச்சு அதுலயே வந்துரும்.

மீதி எட்டு மாவ அப்பா வழியில விடுங்க. ஆனா ஒரு வேலைய ஒன்பது மாவுலயும் செய்யலாம், அதுல கொள்கைச் சண்டையே வராது, சம்பாவுக்கு முன்னாடி பசுந்தாள் உரமா தக்கைப்பூண்டு விதைச்சு, பூ எடுக்கற சமயம், அதாவது ஒரு 40, 45 நாள்ல மடக்கி உழுதுடுங்க. தழைச்சத்து மண்ணுக்கு வந்துரும், அந்த அளவுக்கு யூரியாவ கொறைச்சுக்கலாம், அப்பாவே கொறைப்பாரு, மூட்டை வெல அவருக்கும் தெரியும்ல. (ஜூன் 12ல மேட்டூர் அணைய தெறந்தாலும் கடைமடைக்கு தண்ணி வந்து சேர்றதுக்குள்ள நாக்கு தள்ளிரும், அந்த காத்திருக்கற நாளுக்கு இத விட நல்ல வேலை என்ன இருக்கு.)

மாப்பிள்ளை சம்பா கிட்டத்தட்ட 160 நாள் பயிரு, ஆள் உசரம் வளரும், அடைமழையில சாயறது அதோட இயல்பு. உங்க மேல தப்பு இருக்கோ இல்லையோ, ஒரே ரகத்த ஒன்பது மாவுலயும் போட்டதாலதான் அடி இவ்வளவு பலமா விழுந்துச்சு. உங்க பக்கத்துக்காரர்தானே நெல் ஜெயராமன், அவரு ஆதிரெங்கத்துல நெல் திருவிழா வச்சு என்ன பண்ணாரு, ஆளுக்கு 2 கிலோ விதை குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பித் தாங்கன்னாரு. மூட்டை மூட்டையா யாருக்கும் அள்ளிக் குடுக்கல. 2018ல அவர் காலமாகறதுக்குள்ள 170க்கு மேல பாரம்பரிய ரகம் மீண்டு வந்துச்சுன்னா அந்த ரெண்டு ரெண்டு கிலோவுலதான் வந்துச்சு. குத்துக்கு ஒத்த நாத்து நட்டா ஒரு ஏக்கருக்கே அவ்வளவு விதைதான் பிடிக்கும், உங்க ஒரு மாவுக்கு மிஞ்சும்.

இன்னொண்ணு, இயற்கை விளைபொருள்னு சான்றிதழ் குடுக்கறவங்களே ரசாயனத்துலேர்ந்து மாற மாறு காலம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நெல்லு மாதிரி பயிருக்கு 2 வருஷம். சட்டமே ரெண்டு வருஷம் பொறுக்குது, நீங்க ஒரு போகத்துல பொறுமை போயி நிக்கறீங்க. அதுவரைக்கும் வீட்டுலேர்ந்து பாக்கற மாதிரி கம்ப்யூட்டர் வேலை எதாவது கெடைச்சா பிடிச்சுக்குங்க, அதுல ஒரு மானக்குறைவும் கெடையாது, டீக்கடையில சிரிக்கறவன் உங்க வீட்டு கரண்ட் பில் கட்டப்போறதில்ல.

கேள்வி: எனக்கு 33 வயசு, ரெண்டு பிள்ளைங்க. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சைக்கு மூணு வருஷமா படிக்கறேன். ஆறாம் வகுப்பு புக்குலேர்ந்து கலர் பேனாவுல அழகா நோட்ஸ் எடுப்பேன். நடுவுல காய்ச்சல், கல்யாணம் காதுகுத்துன்னு பத்து நாள் விட்டுப்போச்சுன்னா மறந்திருக்கும்னு மறுபடி ஆறாம் வகுப்புலேர்ந்து ஆரம்பிப்பேன். எட்டாவத தாண்டினதே இல்ல. முழுசா முடிக்காம மாடல் டெஸ்ட் எழுதவும் பயமா இருக்கு அக்கா.
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஆறாம் வகுப்பு புத்தகம் இந்நேரம் உனக்கு தலைகீழா தெரிஞ்சிருக்குமே தங்கச்சி! வாசல்ல கோலம் போடறப்ப பாதியில பால்காரர் மணி அடிச்சா என்ன பண்ணுவ, பால வாங்கி வச்சுட்டு வந்து விட்ட புள்ளியிலேர்ந்துதானே இழுப்ப, திரும்ப தண்ணி தெளிச்சா ஆரம்பிப்ப? படிப்புக்கும் அவ்வளவுதான். நாளைக்கு ஒன்பதாவது புக்க எடு. ஆறு, ஏழு, எட்டுல மறந்தது மறந்ததாவே கெடக்கட்டும், கேள்வித்தாள் போடறப்ப தானா எங்க ஓட்டைன்னு தெரிஞ்சுரும்.

கலர் பேனாவ பிள்ளைங்ககிட்ட குடுத்துடு. கோவிச்சுக்காத, நோட்ஸ் எழுதறது படிக்கற மாதிரியே இருக்கும் ஆனா படிக்கறதில்ல, பாதி பேருக்கு அது பரீட்சைய தள்ளிப்போட ஒரு சாக்கு. புக்கு ஓரத்துலயே பென்சில்ல கிறுக்கு, போதும்.

கணக்கா பாப்போம். 200 கேள்வி, 300 மார்க்கு, 3 மணி நேரம். 100 கேள்வி தமிழ், அதுல 150க்கு 60 வாங்கலன்னா மீதி பேப்பர திருத்தவே மாட்டாங்க, அதனால தமிழ்தான் முதல்ல. பொது அறிவு 75. மிச்சம் 25 கணக்கு, அதுல சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், மீ.பெ.வ, மீ.சி.ம, ஆளும் வேலையும்னு அதே தலைப்புங்கதான் திரும்பத் திரும்ப வருது. சமையல் முடிஞ்சு தெனம் ரெண்டே ரெண்டு கணக்கு போடு, ரெண்டுக்கு மேல வேணாம், ஆனா பிள்ளைக்கு காய்ச்சல்னாலும் ரெண்டு. தப்பான விடைக்கு மார்க்கு கொறைக்க மாட்டாங்க, அரைகுறையா தெரிஞ்சத எழுதினாலும் லாபம்தான். தேர்வாணைய வெப்சைட்லயே பழைய கேள்வித்தாள் இருக்கு, இந்த ஞாயித்துக்கிழமையே ஒண்ண எடுத்து மூணு மணி நேரம் உக்காந்து எழுது, 80 மார்க்கு வந்தாலும் அது நிஜமான நம்பர், அத வச்சுத்தான் அடுத்த மாசத்துக்கு திட்டம் போட முடியும்.

உன்னோட அந்த சுத்தபத்தமான குணத்துக்கும் ஒரு எடம் இருக்கு, விடைக்கு வட்டத்த கருப்பாக்கற ஓஎம்ஆர் ஷீட்டு. வினாத்தொகுப்பு எண் வட்டத்த ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்து நிரப்பு. எந்தக் கேள்வியையும் வெறுமனே விடாத, தெரியலன்னா தெரியலன்னு அஞ்சாவதா ஒரு வட்டம் இருக்கு, அதையாவது கருப்பாக்கணும்.

கேள்வி: போன இதழ்லயும் "முழுசா வேண்டாம், கொஞ்சமா செய்யுங்க"ன்னே பதில் சொல்லியிருந்தீர்கள். இப்படி சுமாரே போதும்னு பழக்கித்தான் ஊரு இந்த லட்சணத்துல இருக்கு. ராஜராஜன் பெரிய கோயில அரைகுறையாவா கட்டினான்?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, வசமா மாட்டினீங்க! ஆமா, ஒரு எடத்துல அரைகுறைதான். கருவறைக்கு மேல நிக்கற விமானத்தோட மேல்தளத்துல உள்சுத்துல சிவன் ஆடற 108 கரணத்தையும், அதாவது நாட்டிய நிலையையும், சிலையா வடிக்க கல்லு பதிச்சாங்க. 81 தான் செதுக்கியிருக்கு, மிச்சம் 27 கல்லு இன்னைக்கும் மொட்டையாத்தான் இருக்கு. அங்க பொதுவா ஆள விடறதில்ல, அதனால கீழ சாமி கும்பிடற நமக்கு தெரியறதில்ல. ஏன் நின்னுச்சுன்னு ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க, ஆனா அதுக்காக யாரும் கலசத்த நிறுத்தி வைக்கல, ராஜராஜன் தன்னோட 25வது ஆட்சியாண்டு 275வது நாள், 1010ல, உச்சியில வைக்க செப்புக்குடத்த குடுத்துட்டாருன்னு கல்வெட்டே சொல்லுது. இன்னைக்கு நாம பாக்கற பெரிய நந்தி மண்டபமும் முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்துல வந்தது.

ஆனா நீங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, அதையும் ஒத்துக்கறேன். அந்த 27 கல்லு மொட்டையா இருக்கலாம், ஆனா அஸ்திவாரத்துல எவனும் சுமார் பாத்திருக்க மாட்டான். மாத்திரை அளவு, கரண்டு வேலை, ஸ்கூல் வேன் பிரேக்கு, பேங்க் தவணை தேதி, இதுலல்லாம் கொஞ்சம் கொஞ்சமாங்கற பேச்சே கெடையாது. எது அஸ்திவாரம் எது கரணம்னு பிரிக்கத் தெரியாமத்தான் நம்மாளுங்க தவணைய கோட்டை விட்டுட்டு கல்யாணப் பத்திரிகை டிசைனுக்கு மூணு நாள் மண்டைய ஒடைச்சுக்கறாங்க.

கேள்வி: கஜா புயல்ல அப்பா வச்ச தென்னந்தோப்பு மொத்தமா போச்சு. கையில காசு வர்றப்ப பத்து, பதினஞ்சுன்னு கன்னு வச்சேன். இப்ப ஒண்ணு பாளை விட்டிருக்கு, ஒண்ணு இடுப்பளவு நிக்குது. பாக்கறவங்க "என்னய்யா தோப்பு இது"ங்கறாங்க. அப்பா தோப்பு மாதிரி என்னால ஆக்கவே முடியலயேன்னு இருக்கு.
- வாசகர், பேராவூரணி

பதில்: அண்ணே, 2018 நவம்பர் 16 விடியக்காலையில உங்க பக்கம் போனது ஒரு ராத்திரி வெள்ளாமை இல்ல, ஒரு தலைமுறை உழைப்பு. நெட்டை ரகம் பாளை விடவே ஆறேழு வருஷம், முழு காப்புக்கு பத்து வருஷத்துக்கு மேல ஆகும். உங்கப்பா தோப்ப நீங்க பாத்தது அதோட நல்ல வயசுல, அது இடுப்பளவு நின்ன காலத்துல நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க. காய்ப்புக்கு வந்த மரத்துல கிட்டத்தட்ட மாசத்துக்கு ஒரு மட்டை, அந்த மட்டையோட கக்கத்துல ஒரு பாளை, அத நீங்க அவசரப்பட்டாலும் ரெண்டாக்க முடியாது.

வயசு கலந்து நிக்கறத நான் குறையாவே பாக்கல. கஜாவுல பல எடத்துல சின்ன கன்னு வளைஞ்சு குடுத்து தப்பிச்சதையும் பெரிய மரம் முறிஞ்சு விழுந்ததையும் உங்க கண்ணாலயே பாத்திருப்பீங்க. இடைவெளிய மட்டும் 25 அடிக்கு கொறைக்காதீங்க, சந்துல உளுந்தோ கடலையோ வாழையோ போட்டு அடுத்த பதினஞ்சு கன்னுக்கு காசு பாத்துக்குங்க.

கேள்வி: 45 வயசுல பாட்டு கத்துக்க சேந்தேன். ஆரம்பப் பாடமான சரளி வரிசையே மூணாம் கால வேகத்துல வரவே மாட்டேங்குது. நிறுத்திடவா?
- வாசகி, திருவையாறு

பதில்: திருவையாத்துல இருந்துக்கிட்டு நிறுத்தறதா! மூணாம் காலம் வரலன்னா ரெண்டாம் காலத்துல பாடுங்க, மாயாமாளவகௌளை ராகம் ஒண்ணும் கோவிச்சுக்காது. தை மாசம் தியாகராஜர் ஆராதனைக்கு அவரோட பஞ்சரத்ன கீர்த்தனை பாடறப்ப பந்தல்ல பின்வரிசையில உக்காந்து தைரியமா வாய தெறங்க, அந்த கூட்டத்துல உங்க அபஸ்வரம் பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் கேக்கும், அவங்களும் பெரும்பாலும் உங்கள மாதிரிதான் இருப்பாங்க.