மகளை நாகர்கோவிலுக்கு அனுப்பலாமா, ஊர் உயர்நிலைப் பள்ளியிலேயே பத்து வரை படிக்க விடலாமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். மகள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள், கபடியும் ஆடுகிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் "நாகர்கோவிலில் ஒரு பெரிய பிரைவேட் ஸ்கூலில் சேர்த்துவிடு, இங்கே கிடந்தால் பிள்ளை முன்னேறாது" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பத்து வரை ஊரிலேயே படிக்கட்டும் என்பேன். நானும் இதே மலையோரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தவள்தான். என் மகன் அங்கேதான் பத்து முடித்தான், மகள் இப்போது ஒன்பதாவது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். அதனால் கூடவே இருந்து பார்த்ததை எழுதுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், நம் மாவட்டத்தில் இதே மாதிரிப் பள்ளிகள் நிறைய உண்டு.

"இங்கே கிடந்தால் முன்னேறாது" என்பதற்குப் பதில் சொல்வது சுலபம். 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளைக்காரர். அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தவர். 2025 ஜனவரியில் அதே நாற்காலிக்கு வந்த வி. நாராயணன் மேலக்காட்டுவிளை. எல்.வி.எம்-3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் பகுதியை உருவாக்கிய திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர். இவர்கள் இருவர் பெயரையும் சொல்லாத ஆண்டு விழா மேடை இப்போது நம் மாவட்டத்தில் இருக்காது. சொல்லத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் முடிவெடுக்க அது போதாது. அடுத்த இரண்டு வருஷம் தினமும் அவளைச் சுற்றி யார் இருப்பார்கள், அவள் ஒரு நாள் வரவில்லை என்றால் யார் விசாரிப்பார்கள், இதைத்தான் பார்க்கணும்.

எங்கள் பள்ளியில் பொங்கல் முடிந்ததும் பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு தொடங்கும். மணியடித்து மற்ற பிள்ளைகள் போன பிறகு இருட்டும் வரை படிப்பு. மத்தியானம் சத்துணவு சாப்பிட்ட வயிறு அதுவரை தாங்காது. அதனால் தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு ஏதாவது கொண்டு வருவோம். பெரும்பாலும் அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) காந்தாரி மிளகாய் சம்மந்தியும் (துவையல்), சில நாள் அவித்த பயறு, கூடவே ஒரு பெரிய பாத்திரம் கட்டன் சாயா, பால் இல்லாத டீ. கிழங்கு யார் தோட்டத்திலிருந்து வந்தது என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை. பிள்ளைகள் வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து இலையில் வைத்துச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஒருத்தி சமன்பாடு ஒப்பிப்பாள், இன்னொருத்தன் அது தப்பு என்பான். கணக்கு டீச்சர் அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கப் போகமாட்டார், பார்த்துக்கொண்டே நிற்பார். "அவங்களே கண்டுபிடிக்கட்டும், அப்பத்தான் மறக்காது" என்பார். அரையாண்டில் கணக்கில் பதினேழு வாங்கிய பையன்கள் பொதுத்தேர்வில் தேறியது இந்த வராந்தாவில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அந்தப் பையன்கள் யார் என்றும் சொல்லணும். பாதிப் பேர் வீட்டில் ரப்பர் பால்வெட்டுத்தான் தொழில். விடியற்காலையில் குளிர் இருக்கும்போதுதான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் அப்பாவோடு தலையில் டார்ச் கட்டிக்கொண்டு போய், சிரட்டை எடுத்து வைத்து, உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பறித்துக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. முதல் பீரியடில் அவர்கள் கண் சொருகுவதைப் புதிதாக வந்த ஆசிரியர் சோம்பல் என்று நினைக்கலாம். உள்ளூரில் இருக்கும் ஆசிரியருக்கு எந்தப் பிள்ளை வீட்டில் வெட்டு உண்டு என்று தெரியும். அப்புறம் பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும்போது வெட்டு நின்றுவிடும். பிள்ளைக்குக் காலையில் தூக்கம் கிடைக்கும், ஆனால் வீட்டில் காசு இருக்காது. சரியாகப் பரீட்சை நேரம். அந்த இரண்டு மாசம்தான் பள்ளியும் ஊரும் பிள்ளையைத் தாங்க வேண்டிய நேரம். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கு இது தெரிந்திருக்கணும் என்று எதிர்பார்க்க முடியாது.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் அடித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கடற்கரையில் போன உயிர்களுக்கு ஈடே கிடையாது. மலையோரத்தில் ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. ஒரு ரப்பர் கன்று நட்டால் வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும், அப்படியென்றால் அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் அக்கா மகன் அந்த வருஷம் பத்தாவது. பல நாள் கரண்ட் இல்லை. ஊர் மைக் செட்காரர் தன் ஜெனரேட்டரைப் பள்ளிக்குக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணச் சீசன் போய்விட்டதே என்ற கவலை அவருக்கும் இருந்தது. ஆனாலும் வாடகை கேட்கவில்லை, டீசலுக்கு மட்டும் பழைய மாணவர்கள் காசு போட்டார்கள். ஒரே ஒரு பெரிய வகுப்பறையில் பத்தாம் வகுப்பு முழுக்க உட்கார்ந்து படித்தது. படித்த பிள்ளைகள் பேர் போட்டுக் கொண்டாடுகிறோமே, அந்த மைக் செட்காரர் பேரை யாராவது ஆண்டு விழாவில் சொல்லணும் என்று நான் ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் கேட்பேன்.

மகள் கபடி ஆடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனியாகவே பதில் சொல்லணும், பெண்பிள்ளைகள் விளையாட்டு என்றாலே ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எங்கள் பெண்கள் அணி குறுவட்டப் போட்டியில் ஜெயித்து வருவாய் மாவட்டப் போட்டி வரை போனது. அதற்கு மூன்று தடை இருந்தது. முதலாவது மைதானம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனிலும் பெய்யும் அக்டோபரிலும் பெய்யும், செம்மண் தரை சேறாகக் கிடக்கும். இரண்டாவது, பிள்ளைகள் வெறுங்காலோடு மண்ணில் ஆடிப் பழகியவர்கள். மேல்மட்டப் போட்டிக்குப் போகப் போக ஆட்டம் மேட் விரிப்பின் மேல் நடக்கும், அதில் ஷூ போட்டு ஆடணும், கால் பிடிமானமே வேறு. விழுந்தால் முட்டி உரிந்துவிடும். பி.டி. சார் இதை முன்பே சொல்லி, எல்லாருக்கும் ஷூ வாங்கிக் கொடுக்கச் செய்து, மண்ணிலேயே ஷூவோடு ஆட வைத்துப் பழக்கினார்.

மூன்றாவது தடைதான் பெரியது. பயிற்சி முடிய ஆறு மணி ஆகும். ஒரு பிள்ளையின் அம்மா வந்து, "சாரே, இருட்டுறதுக்குள்ள விட்டிருவியளா? அவளுக்க அப்பா சம்மதிக்க மாட்டாவ" என்று நின்றார். நல்லா ஆடுகிற பிள்ளை. சார் ஒன்றும் வாதாடவில்லை. ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டில் போய்ப் பேசினார். அதற்குப் பிறகு பயிற்சி நாட்களில் இரண்டு ஆட்டோ பள்ளிக்கு வரும், ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசலில் இறக்கிவிடும், முறை வைத்து ஒரு தாய் கூடவே போவார். அந்த அப்பாதான் பிறகு மாவட்டப் போட்டிக்கு முதல் ஆளாக வந்து நின்று கத்தியவர். அணி அரையிறுதியில் தோற்றது. அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் ஒன், புதுப் பள்ளியிலும் ஆடுகிறாள்.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் லோக்கல் லீவு உண்டு, சிவராத்திரிக்கும் உண்டு, ஓணத்துக்கும் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதை லீவுக் கணக்காகப் பார்ப்பார்கள். 1982-இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த தலைமுறையிடம் கேட்டால் அதன் அருமை தெரியும். கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுகிற பிள்ளையும் சிவராத்திரிக்குச் சிவன் கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்துக்குக் காவி கட்டுகிற பிள்ளையும் நோன்புக் கஞ்சி கொண்டுவருகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பது எங்கள் பள்ளியில் தானாக நடக்கிறது. மலைக் குடியிருப்புகளிலிருந்து வரும் காணி பழங்குடிப் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருக்கிறார்கள். பஸ் தவறினால் அன்றைக்கு அவர்களுக்கு லீவுதான், அந்தப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. மாலை வகுப்பு நாட்களில் மட்டும் ஒரு ஜீப்புக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்.

ரிசல்ட் வந்தால் ஜங்ஷனில் வைக்கும் பிளக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது, நல்ல முடிவு. ஆனால் பிளக்ஸில் ரேங்க் நிற்கவில்லை. 480-க்கு மேல் எடுத்த நாலு பேர் முகம் மட்டும் பெரிதாக இருக்கும். எங்கள் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் பேசி அதை மாற்றினோம். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள் இருக்கணும் என்று சட்டமே சொல்கிறது, அதனால் எங்கள் பேச்சு எடுபட்டது. இப்போது பத்தாம் வகுப்பு முழுவதும் நிற்கிற படம் வைக்கிறோம். பால்வெட்டுக்குப் போய்க்கொண்டே 230 வாங்கிய பையனும் அதில் இருக்கிறான். அவன் அம்மா அந்தப் பிளக்ஸ் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

இனி உங்கள் மகளுக்கான கணக்கு. மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில்தான் எழுத முடியும். வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேறித் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். ஆனால் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தொடர்ந்து படிக்கணும், பிரைவேட்டுக்குப் போனால் போய்விடும். அடுத்து, 2020-இல் வந்த மருத்துவ இடங்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு அது. உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் அதிகம் என்பதால் பல பெற்றோர் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். 2021 முதல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் இந்த 7.5 உண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும்போது மாசம் 1,000 ரூபாய் வருவதும் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குத்தான், இதில் மட்டும் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்தார்கள். ஒன்பதும் பத்தும் மட்டும் பிரைவேட்டில் போட்டுவிட்டு பதினொன்றுக்கு அரசுப் பள்ளிக்குத் திரும்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், இந்தச் சலுகைகள் அதோடு அறுந்துவிடும்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் பழக்கம் குறைவு. பாடத்தில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளை பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்குப் போனால் முதல் சில மாசம் திணறும், என் மகனும் திணறினான். ஒரு வருஷம் அறிவியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தது. வேலைக்குக் காத்திருந்த பழைய மாணவி ஒருத்தி வந்து எடுத்தாள், பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து ஏதோ கொடுத்தோம், ஆனால் அது அவள் உழைப்புக்குப் போதாது. அரசு நிரப்ப வேண்டிய இடத்தை ஊர் நிரப்பியது பெருமைதான், அதை வழக்கமாக்கிவிடக் கூடாது என்று மனு மேல் மனு கொடுத்தோம். லேபும் சுமார்தான். உங்கள் பள்ளியில் இதெல்லாம் எப்படி என்று நேரில் போய்ப் பாருங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, மாலை வகுப்பு நடக்கிறதா, கடைசி பெஞ்ச் பிள்ளையின் பெயர் தலைமையாசிரியருக்குத் தெரிகிறதா. கணக்கு ஆசிரியர் இல்லை, வருவதற்கான வழியும் தெரியவில்லை என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு, பக்கத்திலேயே வேறு அரசுப் பள்ளி பாருங்கள். நாகர்கோவில் வேண்டாம். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தினமும் அப்படிப் போய்வந்தால் கபடி முதலில் போகும், அப்புறம் தூக்கம் போகும்.

பத்து முடிந்ததும் எப்படியும் அவள் பள்ளி மாறித்தான் ஆகணும். அப்போது மேல்நிலைப் பள்ளியைத் தேர்வு செய்ய அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இப்போதைக்கு என்.எம்.எம்.எஸ். எழுதியிருக்கிறாளா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எழுதியிருந்தால், அந்த ரிசல்ட் வரும் வரை யார் என்ன சொன்னாலும் டி.சி. வாங்காதீர்கள்.