ஹோல்டு வேறு, பார்க்கிங் வேறு: மின்சாரக் கார் பிரேக் பற்றி வேலூர்க்காரர்கள் கேட்டவை

சத்துவாச்சாரியில் பிரேக் வேலை பார்ப்பவன் நான். வட ஆற்காட்டுப் பக்கம் மின்சாரக் கார் வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் பிரேக், பார்க்கிங் சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ரேஞ்ச், சார்ஜர் சண்டையெல்லாம் இன்னொரு நாள்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் ஆட்டோ ஹோல்டு (காலை எடுத்த பிறகும் நின்ற வண்டியைப் பிடித்துவைக்கும் வசதி) ஒருசமயம் பிடிக்கிறது, ஒருசமயம் வண்டி பின்னால் நழுவுகிறது. கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இருக்காது. ரீஜென்னை, அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே கரண்ட் எடுத்து பேட்டரிக்கு அனுப்பும் வசதியை, உச்சத்தில் வைத்து ஓட்டுகிறீர்களா? அப்படியானால் ஆக்சிலரேட்டரை விட்டதுமே வண்டி தானாக ஊர்கிற வேகத்துக்கு வந்துவிடும். கடைசியில் பிரேக்கைப் பட்டும் படாமல் தொடுவீர்கள். பல கார்களில் அந்த அழுத்தம் ஹோல்டுக்குப் போதாது. நின்ற பிறகு பெடலை இன்னும் கொஞ்சம் ஆழமாக மிதியுங்கள். மீட்டரில் ஹோல்டு விளக்கு, பல கார்களில் பச்சையாக, எரியும். அதைப் பார்த்த பிறகுதான் காலை எடுக்க வேண்டும். விளக்கு வரவில்லையென்றால் உங்களைப் பிடித்திருப்பது ஹில் ஹோல்டு, ஏற்றத்தில் கிளம்ப மட்டும் உதவுவது. அதன் ஆயுள் இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் ஆக்சிலரேட்டர் கொடுக்காவிட்டால் பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார்.

"மோட்டாரே பிடித்துக்கொள்ளாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சக்கரம் சுற்றினால்தான் ரீஜென். நின்ற சக்கரத்தில் எடுக்க ஒன்றும் இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து மோட்டாரால் தள்ளி நிறுத்தலாம். ஆனால் சுற்றாத மோட்டாரில் ஒரே சுற்றுக்கம்பிக்கே கரண்ட் போய்ச் சூடேறும். அதனால்தான் நின்றதும் வேலை சாதாரண பிரேக்குக்கு மாறுகிறது. நீங்கள் மிதித்த ஆயில் அழுத்தத்தை ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் வால்வுகள் மூடிவைத்துக்கொள்கின்றன. ஆட்டோ ஹோல்டு என்பது அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை: வீட்டு கேட்டைத் திறக்க ஹோல்டில் விட்டு இறங்கலாமா?

கூடாது. அந்த வால்வு கரண்டில் நிற்பது. சில நிமிடம் கழிந்தாலோ, சீட் பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தாலோ வண்டி தானாக எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் எது எப்போது நடக்கும் என்பது காருக்குக் கார் வேறு. இன்னொரு விஷயம், ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே ஹோல்டு விட்டுவிடும். பக்கத்து சீட்டிலிருந்து பையன் தாவி வந்து ஸ்டியரிங் பிடித்து விளையாடினால்? பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சத்தமாவது எச்சரிக்கும். இதில் வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு ஒன்றுதான் சாட்சி. இறங்குவதென்றால் 'பி' (பார்க்கிங்) போட்டு, மீட்டரில் சிவப்பு பார்க்கிங் விளக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கேட் திறக்க அரை நிமிடம்தான் என்று சொல்பவர்களிடம்தான் எனக்கு வம்பே.

ஆற்காடு: ரத்தினகிரி மலைமேல் நிறுத்திவிட்டு வந்து எடுத்தால், 'பி'யிலிருந்து மாற்றும்போது 'டக்'கென்று ஒரு குத்து. கியர்பாக்ஸ் போய்விட்டதா சார்?

போகவில்லை, ஆனால் அதன்மேல் தேவையில்லாத பாரம் ஏற்றுகிறீர்கள். 'பி' போட்டால் கியர் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத்தில் சின்ன இரும்புக் கொக்கி விழுகிறது, கதவு நாதாங்கி மாதிரி. சரிவில் முதலில் 'பி' போட்டுக் காலை எடுத்தால் வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து, மொத்த எடையும் அந்தக் கொக்கியில் போய் உட்காரும். எடுக்கும்போது வரும் குத்து அதுதான்.

வரிசையை மாற்றுங்கள். பிரேக்கை மிதித்தபடி 'என்' (நியூட்ரல்), அடுத்து ஹேண்ட்பிரேக் பட்டன். பின் சக்கரத்தில் 'ஙொய்ய்' என்று மோட்டார் சத்தம் கேட்டு அடங்கட்டும். பிறகு காலை மெதுவாக எடுங்கள். வண்டி பிரேக் பேடில் உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்ததும் மறுபடி மிதித்து 'பி'. சில கார்களில் கொக்கியே கிடையாது. 'பி' அழுத்தினால் ஹேண்ட்பிரேக் மட்டும்தான் விழும். உங்கள் காரில் எது என்று சர்வீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலையில் நிறுத்தினால், வண்டி நழுவினாலும் ஓரத் திண்டில் முட்டி நிற்கும்படி சக்கரத்தை ஒடித்துவைப்பது எல்லா வண்டிக்கும் பொது.

ஆம்பூர்: என்னுடையது பழைய நெக்ஸான் இவி, 'பி'யே இல்லையே?

2020இல் வந்த அந்த வண்டியில் கியர் மாற்றும் திருகில் ஆர் (ரிவர்ஸ்), என், டி (டிரைவ்), எஸ் (ஸ்போர்ட்) மட்டும்தான். டியாகோ இவியும் அப்படித்தான். கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக்கே உங்கள் பார்க்கிங். முதல் கியரில் போட்டுவிட்டுப் போகும் பெட்ரோல் பழக்கம் இங்கே உதவாது. கரண்ட் நின்ற மோட்டார் தாராளமாகச் சுற்றும். கேபிள் தளர்ந்திருந்தால் உடனே சரிபண்ணுங்கள். சரிவில் கல்லும் வையுங்கள்.

திருப்பத்தூர்: ஏலகிரி இறங்கும்போது 'என்'னில் விட்டால் சார்ஜ் மிச்சமாகுமா? அப்பா அந்தக் காலத்தில் இன்ஜினையே அணைத்துவிடுவார்.

அப்பாவை விட்டுவிடுவோம். 'என்'னில் ரீஜென் கிடையாது, வருகிற கரண்டை நீங்களே வேண்டாமென்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். மேலே சுமார் 1,100 மீட்டர் உயரம். அடிவாரம் வரை 650 மீட்டர் இறக்கம் என்று வையுங்கள். ஆட்களோடு 1,700 கிலோ இருக்கும் கார் அதை இறங்கினால் கிட்டத்தட்ட 3 யூனிட் ஆற்றல் வெளியாகிறது. காற்றும் ரோடும் தின்றது போக மீதியில் பெரும்பகுதி பேட்டரிக்கு வரலாம். 'என்'னில் விட்டால் அது அத்தனையும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் பேடில் சூடாகப் போகும்.

மேலே தங்கும் இடத்தில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்குபவர்களுக்கும் இதே கதை. நிறைந்த பேட்டரியில் கரண்டை வைக்க இடமில்லை, ரீஜென் குறைந்துவிடும். 90இல் நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

வேலூர் சைதாப்பேட்டை: சந்தில் இஞ்சு இஞ்சாக ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி தயங்கித் தயங்கிக் குதிக்குது.

ஹோல்டை அணைத்துவிட்டு எடுங்கம்மா. பிரேக் காலிலேயே ஊர்ந்து வரும்.

குடியாத்தம்: மூன்று வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்தால் வண்டி செத்துக் கிடக்கிறது, சக்கரமும் பூட்டியிருக்கிறது. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருந்ததே!

செத்தது பெரியது இல்லை, 12 வோல்ட் சின்ன பேட்டரி. ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கக் கரண்ட் வேண்டாம், உள்ளே திருகு இறுகி நிற்கும். ஆனால் விடுவிக்க 12 வோல்ட் வேண்டும். பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுக்கும் அதேதான் வேண்டும். கையேட்டில் சொன்ன முனையில் ஜம்ப் கொடுத்து 'ரெடி' வரவையுங்கள். கயிறு கட்டி மட்டும் இழுக்காதீர்கள். ஓட்டும் சக்கரம் தரையில் சுற்றினால் மோட்டார் கரண்ட் உற்பத்தி செய்ய ஆரம்பிக்கும். மேலே ஏற்றிப் போகும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

இதையொட்டி ஒன்று. பின் பேட் மாற்றுகிறவர் கிளாம்ப் போட்டு பிஸ்டனை நெட்டித் தள்ள வந்தால் தடுத்துவிடுங்கள். ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போட்டுத் திருகைப் பின்வாங்க வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் பேட் விலையில் முடிய வேண்டியது காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) விலையில் முடியும்.

பாகாயம்: மழையில் நின்ற வண்டி காலையில் 'டப்' என்று சத்தத்தோடு கிளம்புகிறது.

பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துரு. ரீஜென்னால் பிரேக் குறைவாகத் தேய்வதால் மின்சாரக் காரில் இது அதிகம். காலியான ரோட்டில் நாலைந்து முறை நன்றாக மிதித்து நிறுத்தினால் துரு போய்விடும்.

வாலாஜா: ஓடும்போது பிரேக் கைவிட்டால் அந்த பட்டனை இழுக்கலாமா?

இழுத்துப் பிடித்தபடியே இருங்கள். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில், பிடித்திருக்கும் வரை கட்டுப்பாட்டோடு வேகம் குறையும். விட்டால் பிரேக்கும் விட்டுவிடும். சும்மா சோதித்துப் பார்க்க நெடுஞ்சாலையில் இழுக்காதீர்கள். பின்னால் லாரி வருகிறது.