கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, மோட்டாரை மாற்றினால் வருமா என்று கேட்டீர்கள்.

வராது. இரண்டு ஊராட்சிக்கும் பொதுவான மேல்நிலைத் தொட்டியை நிரப்புவதோடு மோட்டார் வேலை முடிந்தது. தெருவில் அழுத்தம் தருவது தொட்டியின் உயரமும் குழாயின் உள்விட்டமும்தான்.

பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைன் என்றீர்கள். உள்ளே துரு படிந்து 80 மி.மீ. குழாய் 60 ஆகச் சுருங்கினாலே வரத்து பாதிக்கும் கீழே போய்விடும். என் சந்தேகம் அங்கேதான்.

கடைசிக் குழாயில் பிரஷர் கேஜ் (அழுத்தம் காட்டும் மானி) மாட்டுங்கள். வால்வைத் திறந்துவைத்து, தெருக்குழாய் எல்லாவற்றையும் மூடிப் பாருங்கள். தொட்டி நீர்மட்டம் அந்த இடத்தைவிட 12 மீட்டர் மேலே என்றால் முள் சதுர செ.மீ.க்கு 1.2 கிலோ அருகே நிற்க வேண்டும். நின்று, குழாய்களைத் திறந்ததும் விழுந்தால் அடைப்பு. பாதி மூடிய வால்வாகவும் இருக்கலாம், அதை முதலில் பாருங்கள், செலவில்லாத வேலை. தெருக்குழாய்கள் மூடியிருக்கும்போதே முள் குறைவாகக் காட்டினால் கசிவு.

புதுக்குழாய் போட்டாலும் இரண்டு ஊருக்கும் லைன் பிரியும் இடத்தில் தனித்தனி வால்வும் மீட்டரும் வையுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்து ஊரே மொத்தத்தையும் இழுத்துக்கொள்ளும், கரண்ட் பில் பங்கிலும் சண்டை வரும்.