பகடை மேல் பழி போடலாமா?

அன்புள்ள ஐயா,

போன வாரம் நண்பருடன் நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை, பொம்மைப் படைகளை வைத்து மேசையில் ஆடினேன். பிரெஞ்சுப் படை என்னுடையது. நான்கு பட்டாலியன்களை நெருக்கமான அடுக்கு அணியாக்கி, குன்றின் மேல் நின்ற ஆங்கிலேய வரிசையை நோக்கி ஏற்றினேன். ஆள்பலம் எனக்கு இரண்டு மடங்கு. அவர்கள் சுட்டது ஒரே ஒரு முறை. படை நிற்குமா ஓடுமா என்று பார்க்கும் மன உறுதிச் சோதனைக்கு இரண்டு பகடை உருட்டினேன், ஒன்றும் இரண்டும் விழுந்தது. முன்னால் போன பட்டாலியன் ஓட, பின்னால் வந்ததும் குலைந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய பொம்மைகள் ஐயா! எல்லாவற்றையும் பகடைதான் முடிவு செய்யும் என்றால் அங்கே தளபதிக்கு என்ன வேலை? இதற்குச் சதுரங்கமே மேல் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

புதிதாக வண்ணம் தீட்டிய படை முதல் ஆட்டத்தில் ஓடியே தீரும் என்று இந்த விளையாட்டுக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அந்தக் கணக்கில் உங்கள் பட்டாலியன் மரபைக் காப்பாற்றியிருக்கிறது.

சரி, பகடையைத் திட்டுவதற்கு முன் துப்பாக்கிகளை எண்ணிப் பார்ப்போம். 600 பேர் கொண்ட ஆங்கிலேய பட்டாலியன் இரண்டு ஆள் ஆழத்தில் வரிசையாக நின்றால் 600 மஸ்கட்டும் (அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி) சுடும். அதே 600 பேரைப் பிரெஞ்சு முறைப்படி இரண்டு கம்பெனி (பட்டாலியனின் உட்பிரிவு) அகலத்தில் அடுக்கினால் முன்வரிசையில் இருப்பவர்கள் எழுபதுக்கும் குறைவு. இரண்டாம் வரிசையையும் சேர்த்தால் சுடக்கூடியவர்கள் சுமார் 130 பேர். மற்றவர்கள் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மஸ்கட் குறி தவறும் கருவி, நூறு தப்படிக்கு அப்பால் ஒருவரைக் குறிவைத்துச் சுட்டு வீழ்த்துவது அதிர்ஷ்டம். ஆனால் ஐம்பது தப்படியில், நெருக்கியடித்து வரும் கூட்டத்தின் மேல், 600 மஸ்கட் ஒரே நேரத்தில் வெடித்தால் குறி எதற்கு? அந்தக் காலத்தில் துப்பாக்கிமுனைக் கத்திகள் மோதிக்கொண்டது அபூர்வம். பெரும்பாலும் கைகலப்புக்கு முன்பே ஒரு பக்கம் திரும்பி ஓடிவிடும். உங்கள் மேசையில் நடந்ததும் அதுதான்.

அப்புறம் பகடைக் கணக்கு. இரண்டு பகடைகளுக்கு 36 வகை விழுதல்கள். சோதனையில் தேற 7 வேண்டும் என்றால் அவற்றில் 15 உங்களைக் கவிழ்க்கும். 4 போதும் என்றால் மூன்றுதான் கவிழ்க்கும். பதினைந்தை மூன்றாகக் குறைப்பதுதான் தளபதியின் வேலை: எதிரியைச் சீண்டிக் குலைக்கச் சிதறல் வீரர்களை முன்னால் அனுப்புவது, முதல் பட்டாலியன் குலைந்தாலும் அடுத்தது அதில் சிக்காதபடி இடைவெளி விடுவது. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. உங்களுக்கு விழுந்த மூன்றுக்கு எதுவும் உதவியிருக்காது என்பது வேறு விஷயம்.

சதுரங்கத்தில் சிப்பாய் பயந்து ஓடமாட்டான். எனக்கு அந்த ஆட்டத்தில் குறையாகப் படுவது அதுதான். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவில், அவருடைய தளபதி நே தலைமையில் பிரெஞ்சுக் குதிரைப்படை திரும்பத் திரும்பப் பாய்ந்தும் ஆங்கிலேயரின் சதுர அணிகளில் ஒன்றைக்கூட உடைக்க முடியவில்லை. காலாட்படை நான்கு பக்கமும் வெளியே பார்த்தபடி உறுதியாகச் சதுரம் கட்டி நின்றால் குதிரை உள்ளே வராது என்பது அந்தக் காலத்துப் பாடம். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1812 ஜூலை 23, ஸ்பெயினில் கார்சியா ஹெர்னாந்தெஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் சேவையில் இருந்த ஜெர்மானியக் குதிரைவீரர்கள் பிரெஞ்சுச் சதுரம் ஒன்றை உடைத்துவிட்டார்கள். எப்படி? குண்டு பட்ட குதிரை ஒன்று அந்தச் சதுரத்தின் மேலேயே போய் விழுந்தது. விழுந்த இடத்தில் சந்து கிடைத்தது, மற்றவர்கள் உள்ளே புகுந்தார்கள். எந்தத் தளபதியும் அதைத் திட்டமிட்டிருக்க முடியாது. பகடை இல்லாத விளையாட்டில் அந்தக் குதிரைக்கு இடமே கிடையாது.

மேசைப் போரில் எனக்கும் ஒரு புகார் உண்டு, ஆனால் அது பகடை மேல் இல்லை. நாம் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறோம். ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன் தன் ஆட்களைப் பெரும்பாலும் குன்றின் மறுசரிவில்தான் நிறுத்துவார். ஏறி வரும் பிரெஞ்சுக்காரருக்கு உச்சியை நெருங்கும்வரை எதிரி எங்கே, எத்தனை பேர் என்று தெரியாது. தெரியும்போது வரிசையாக விரிய நேரம் இருக்காது. நீங்களோ அளவு நாடாவை நீட்டி, அங்குலம் பார்த்து, தெரிந்தே ஏறியிருக்கிறீர்கள்!

வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு கூத்து. பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் கீழ் சுமார் 20,000 பேர். லிக்னி, காட்ர் பிரா என்று இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் சண்டை. ஓர் ஆணை அவர்களை லிக்னிப் பக்கம் திருப்பியது, நே அனுப்பிய இன்னோர் ஆணை திரும்ப அழைத்தது. நாள் முழுக்க நடந்து, இரண்டு சண்டையிலும் சேராமலே போனார்கள். போதாததற்கு, லிக்னியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் தூரத்தில் வந்த அவர்களை எதிரி என்று நினைத்துத் தாக்குதலைத் தள்ளிவைத்தார்கள். மேலிருந்து மேசையைப் பார்க்கும் நம் யாருக்கும் இப்படி ஒரு குழப்பம் வராது.

இதற்கு மருந்து பழையது. 1824இல் பிரஷ்ய இராணுவத்தின் லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் ஒரு நடுவர் உண்டு. ஆடுபவர்கள் அவரிடம் எழுத்தில் ஆணை தருவார்கள். உங்கள் படையின் கண்ணுக்குத் தெரியும் எதிரியை மட்டும் அவர் வரைபடத்தில் வைப்பார். பகடை அங்கேயும் இருந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு மூன்றாவது நண்பர் ஒருவரை நடுவராக உட்காரவையுங்கள். குன்றுக்குப் பின்னால் இருப்பதை மேசையில் வைக்க வேண்டாம். ஆணையைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், இரண்டு சுற்று கழித்து அது போய்ச் சேரட்டும். பிரெஞ்சுப் படையை மறுபடி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சிதறல் வீரர்களை மறக்காமல் முன்னால் அனுப்புங்கள்.